செயின்ட் லூசியா: பட்டினி குறைந்தது, வறுமை மட்டும் ஏன் அசையவில்லை?

தீவுக்காற்று

இந்தக் குழுவில் கரீபியத் தீவு நாடான செயின்ட் லூசியாவின் பெயர் அடிபட்டதெல்லாம் கிரிக்கெட் இழைகளில்தான். டேரன் சாமியின் ஊர் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். நான் அங்கே மருத்துவம் படித்தவன், அதனால் வேறொரு விஷயத்தை எடுக்கிறேன்.

அந்தத் தீவில் வறுமையை வீடு வீடாகப் போய் அளந்த பெரிய ஆய்வுகள் மூன்று. 1995-இல் வறுமைக் கோட்டுக்குக் கீழே 25.1 சதவீதம் பேர். 2005-06-இல் 28.8. 2016-இல் 25.0. இருபது வருஷம் ஓடியும் புறப்பட்ட இடத்திலேயே நிற்கிறார்கள். ஆனால் அதே ஆய்வுகளில் இன்னொரு கோடும் உண்டு, சாப்பாட்டுக்கே போதாத கடும் வறுமைக்கு. அது 7.1-இல் தொடங்கி 1.6 ஆகி, கடைசியில் 1.3-க்கு இறங்கிவிட்டது.

இத்தனைக்கும் அரசு கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. ஏழைக் குடும்பங்களுக்கு மாதாமாதம் பணம், பள்ளியில் மதிய உணவு, 2006 முதல் எல்லாப் பிள்ளைகளுக்கும் உயர்நிலைப் பள்ளியில் இடம், தேசியக் காப்பீட்டு நிறுவனத்தின் பென்ஷன் எல்லாம் இருக்கின்றன. அடிமட்டத்தைத் தூக்கிவிட்ட நாட்டால் அடுத்த படியை ஏன் தொட முடியவில்லை?

இன்னொன்று. தீவின் சூஃப்ரியேர் ஊர்ப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், பிட்டோன் மலைகள் இரண்டும் கடலிலிருந்து செங்குத்தாக எழும் இடம். 2004-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. தீவிலேயே விலை கூடிய ஹோட்டல்கள் சில அங்கேதான். 2005-06 ஆய்வில் அதே சூஃப்ரியேரில் வறுமை 40 சதவீதத்துக்கு மேல். வெள்ளிக்கிழமை இரவு மீன் வறுவலுக்குச் சுற்றுலாக்காரர்கள் வரிசை கட்டும் ஆன்ஸ் லா ரே ஊரிலும் அதே கதை.

கணக்கப்பிள்ளை

முதலில் மூன்று ஆய்வுக்கும் ஒரே அளவுகோலா என்று பார்க்க வேண்டும். கோட்டை நகர்த்தினால் சதவீதமும் நகரும்.

அடுத்தது பணம். 617 சதுர கிலோமீட்டர், ஒரு லட்சத்து எண்பதாயிரம் பேர். 2012-இல்தான் 15 சதவீத வாட் வரியே வந்தது. 2017-இல் அதையும் 12.5 ஆகக் குறைத்தார்கள். 2023-இல் சுகாதாரத்துக்கும் பாதுகாப்புக்கும் என்று 2.5 சதவீதத் தனி வரி போட்டார்கள். ஒரு கையால் கொடுத்து மறுகையால் வாங்குகிற ஆட்டம்தான். உதவித்தொகையைக் கூட்டு என்று சொல்வது சுலபம், கஜானாவில் என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள்.

பொன்னி

கணக்கப்பிள்ளை சார், அளவுகோல் பற்றிய சந்தேகம் நியாயம்தான். ஒவ்வொரு ஆய்விலும் அன்றைய விலைவாசியை வைத்துக் கோட்டைப் புதிதாகப் போட்டார்கள். 2005-06-இல் ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு 5,086 ஈ.சி. டாலர், 2016-இல் 6,443. (ஈ.சி. டாலர் என்றால் அங்கே புழங்கும் கிழக்குக் கரீபிய டாலர். ஒரு அமெரிக்க டாலருக்கு 2.70 ஈ.சி. டாலர். 1976 முதல் இதே விகிதம்தான்.) ஒரு புள்ளி இரண்டு புள்ளி வித்தியாசத்தை நம்ப வேண்டாம். ஆனால் ஏழு சதவீதம் ஒன்றரை ஆனதை அளவுகோல் மாயம் என்று தள்ளிவிட முடியாது.

வறுமை ஏன் அசையவில்லை என்பதற்கு வாழைக்காய்க் கதையைச் சொல்லாமல் முடியாது. 1992 வாக்கில் செயின்ட் லூசியா வருஷத்துக்கு ஒரு லட்சத்து முப்பதாயிரம் டன்னை ஒட்டி வாழை ஏற்றுமதி செய்தது. எல்லாம் சிறு விவசாயிகள். மலைச்சரிவில் இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர், ஒவ்வொரு தாரிலும் நீல நிற பிளாஸ்டிக் உறை. பிரிட்டன் தன் பழைய காலனிகளுக்குக் கொடுத்த சந்தைச் சலுகைதான் அதைத் தாங்கியது. 1993-இல் ஐரோப்பா ஒரே சந்தை ஆனது. லத்தீன் அமெரிக்கப் பெருந்தோட்ட வாழைக்கு ஆதரவாக அமெரிக்காவும் மற்ற நாடுகளும் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டு, 1997-இல் அந்தச் சலுகைக்கு எதிராகத் தீர்ப்பும் வந்தது. அடுத்த பத்து வருஷத்தில் ஆயிரக்கணக்கான விவசாயிகள் தொழிலையே விட்டுவிட்டார்கள்.

என்னைக் கேட்டால் அந்த நாட்டின் நிஜமான சமூகப் பாதுகாப்புத் திட்டம் வாழைதான். அது வருஷம் முழுக்க வெட்டுகிற பயிர், அதனால் வருஷம் முழுக்கக் கையில் காசு. தார் வெட்டுபவர், சீப்பு பிரித்துக் கழுவுபவர், பெட்டி அடுக்குபவர், லாரிக்காரர் என்று ஒரு பெட்டியில் நாலைந்து வீட்டுச் சோறு. புயல் சாய்த்தாலும் ஒன்பது மாதத்தில் மறுபடி தார் வரும். 1980-களின் கடைசியில் செயின்ட் லூசியா, டொமினிகா, செயின்ட் வின்சென்ட், கிரனடா என்ற நாலு விண்ட்வர்ட் தீவுகளுக்குமாகச் சேர்த்து வின்கிராப் என்று வாழைக்கான பயிர்க் காப்பீடுகூட வைத்திருந்தார்கள். அந்த இடத்துக்குச் சுற்றுலா வந்தது. அதில் சீசன் உண்டு, சீசன் இல்லாத மாதங்களும் உண்டு.

அலைமகன்

ஒரு சின்னக் கேள்வி, தலைப்புக்கு வெளியே. அங்கே தமிழர்கள் உண்டா? தோட்டத் தொழிலாளர்களாகப் போனவர்கள்?

தீவுக்காற்று

அலைமகன் தம்பி, 1859 முதல் இந்தியர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவந்தார்கள். செயின்ட் லூசியாவுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் கல்கத்தா வழியாகப் போன வட இந்தியர்கள். புதுச்சேரி, காரைக்கால் பக்கத்திலிருந்து போன நம் ஆட்கள் இறங்கியது பிரெஞ்சுத் தீவுகளான மார்டினிக்கிலும் குவாதலூப்பிலும். செயின்ட் லூசியாவின் வட முனையில் நின்றால் மார்டினிக் கண்ணுக்குத் தெரியும். அதற்குத் தனி இழை போடுங்கள், நானும் வருகிறேன்.

பொன்னி அக்கா சொன்ன சீசன் விஷயத்துக்கு வருகிறேன். தெற்கே ஒரு மருத்துவமனையில் பயிற்சியில் இருந்தபோது சர்க்கரை நோயோடு வந்த ஒரு பெண்மணி, நாற்பது வயதுக்கு மேல். ஹோட்டல் அறை சுத்தம் செய்கிறவர். டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை மாத்திரை ஒழுங்காகப் போடுவார், சர்க்கரை கட்டுக்குள் இருக்கும். செப்டம்பர், அக்டோபரில் வந்தால் கால் புண்ணோடு வருவார். வேலை நாட்களைக் குறைத்துவிடுவார்கள், மாத்திரையும் குறைந்துவிடும். அட்டையைப் பார்த்தே எந்த மாதம் என்று சொல்லிவிடலாம். இவர் அரசு உதவிப் பட்டியலில் இல்லை. ஏன் விண்ணப்பிக்கவில்லை என்று கேட்டேன். "எனக்குத்தான் வேலை இருக்கிறதே" என்றார்.

பொன்னி

அந்தப் பெண்மணி சொன்னதில்தான் இந்த இழையின் பதில் இருக்கிறது.

அங்கே இரண்டு கதவுகள். ஒன்று தேசியக் காப்பீட்டு நிறுவனம். சம்பளத்தில் தொழிலாளி 5 சதவீதம், முதலாளி 5 சதவீதம். நோய்க்காலப் படி, பேறுகாலப் படி, 65 வயதில் பென்ஷன். பென்ஷனுக்குப் பதினைந்து வருஷச் சந்தா தேவை. வங்கி ஊழியருக்கும் ஆசிரியருக்கும் இது நல்ல ஏற்பாடு. தலைநகர் காஸ்ட்ரீஸின் சந்தையில் தக்காளி விற்பவருக்கும், மினி பஸ் ஓட்டுபவருக்கும், கட்டட வேலைக்காரருக்கும் பதினைந்து வருஷத்தை நிரப்புவது கஷ்டம். சொந்தத் தொழில் செய்பவர்கள் சேரலாம் என்று விதி இருக்கிறது, சேர்பவர்கள் கம்மி. வேலை போனால் உதவித்தொகை என்ற நிரந்தர ஏற்பாடு அதில் கிடையாது. பார்படாஸில் அது 1980-களிலேயே வந்துவிட்டது.

இரண்டாவது கதவு, பொது உதவித் திட்டம். பழைய காலனி ஆட்சியின் ஏழை நிவாரணத்திலிருந்து வந்தது. இரண்டாயிரத்துச் சொச்சம் குடும்பங்கள்தான் நெடுங்காலமாகப் பட்டியலில். முக்கால்வாசி வயதானவர்கள், ஊனமுற்றவர்கள், யாரும் இல்லாதவர்கள். தனி ஆளுக்கு அப்போது மாதம் இருநூற்றுச் சொச்சம் ஈ.சி. டாலர் (பிறகு கூட்டினார்கள்). 2016 வறுமைக் கோட்டை மாதக் கணக்கில் பார்த்தால் 537. அதாவது உதவித்தொகை கோட்டில் பாதிக்கும் கீழே. ஆனால் சாப்பாட்டுக்கான கோட்டை அது தாண்டிவிடும். தீவுக்காற்று கேட்ட கேள்விக்குப் பாதி பதில் இதிலேயே இருக்கிறது. பட்டினியைத் தடுக்கிற அளவுக்குத்தான் தொகை, அதனால் பட்டினிதான் குறைந்தது. மீதிப் பெருமை வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் பணத்துக்கும் போக வேண்டும்.

இரண்டு கதவுக்கும் நடுவில் நிற்பது யார்? உழைக்கிற வயதில், பிள்ளைகளோடு, வேலை இருந்தும் ஏழையாக இருப்பவர்கள். அங்கே பெண்கள் தனியாக நடத்தும் குடும்பங்கள் ஏராளம். ஏழைகளில் அவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும்தான் கூடுதல். அந்த ஹோட்டல்காரப் பெண்மணி போல.

கணக்கப்பிள்ளை

சரி, அப்போது தகுதியுள்ளவர்களைச் சரியாகக் கண்டுபிடித்துப் பட்டியலை நீட்ட வேண்டியதுதானே? அதற்குத்தான் உலக வங்கிக் கடனில் புள்ளி போடும் முறையெல்லாம் கொண்டுவந்தார்களே.

செல்வி_ஆர்

இந்தப் புள்ளி போடும் முறையைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகப் பேசலாம். வேறு நாடுகளில் இப்படிப்பட்ட கணக்கெடுப்புகளில் வேலை செய்திருக்கிறேன்.

முறைசாரா வேலை செய்பவரிடம் வருமானம் எவ்வளவு என்று கேட்டால் சரியான பதில் வராது, காகிதமும் இருக்காது. அதனால் வருமானத்தை விட்டுவிட்டு, கண்ணுக்குத் தெரிவதைக் குறித்துக்கொள்வார்கள். சுவர் பலகையா சிமெண்ட்டா, கழிப்பறை உள்ளேயா வெளியேயா, ஃபிரிட்ஜ் இருக்கிறதா, எத்தனை பேர் ஒரு அறையில், குடும்பத் தலைவர் எதுவரை படித்தவர். ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. கூட்டிப் பார்த்து, கோட்டுக்குக் கீழே வந்தால் உள்ளே. செயின்ட் லூசியாவிலும் இப்படி ஒரு தகுதித் தேர்வு வைத்து, காலப்போக்கில் திருத்தி இப்போது மூன்றாவது வடிவத்தில் இருக்கிறது.

அதிகாரியின் மனசைப் பொறுத்து முடிவு செய்வதைவிட இது மேல். ஒன்றே முக்கால் லட்சம் பேர் உள்ள தீவில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். யார் எந்தக் கட்சி என்பது உள்பட. நல அலுவலர் ஞாயிறு பூசையில் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். புள்ளி என்று ஒன்று இருந்தால் அவருக்கும் நல்லது, "கணினி சொல்லிவிட்டது" என்று ஒதுங்கிக்கொள்ளலாம்.

ஆனால் இந்த முறைக்கு ஒரு குருட்டுப் பக்கம் இருக்கிறது. சுவரும் ஃபிரிட்ஜும் மெதுவாக மாறுபவை. வருமானம் ஒரே நாளில் போய்விடும். லண்டனில் இருக்கும் அக்கா பணம் அனுப்பிக் கட்டிக்கொடுத்த சிமெண்ட் வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு ஹோட்டலில் வேலை போனால், தேர்வில் அவருடைய புள்ளி அப்படியே இருக்கும். அலமாரியில் அரிசி இல்லை என்பது அந்தப் படிவத்தில் எங்கும் வராது. பத்து வருஷமாக ஏழையாக இருப்பவரை அது ஓரளவு பிடிக்கும். போன மாதம் ஏழையானவரைப் பிடிக்காது. செயின்ட் லூசியா போன்ற இடத்தில் போன மாதம் ஏழையானவர்கள்தானே அதிகம்? அதனால் முதியவர்கள், பிள்ளைகள் என்று சில பிரிவினருக்காவது தகுதி பார்க்காமல் எல்லோருக்கும் கொடுத்துவிடலாம் என்பேன்.

கணக்கப்பிள்ளை

நல்ல விளக்கம். ஆனாலும் எல்லோருக்கும் கொடு என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ரோட்னி பேயில் சொகுசுப் படகு வைத்திருப்பவரின் பாட்டிக்கும் பென்ஷனா?

அலைமகன்

பாட்டிக்குத்தான் கொடுக்கிறோம், படகுக்கு இல்லையே சார் 😀

மட்டுறுத்துநர்

ரேஷன் கார்டு, உரிமைத் தொகை ஒப்பீடுகளோடு வந்த இரண்டு பதிவுகளை வேறு இழைக்கு நகர்த்தியிருக்கிறேன். இங்கே தீவோடு நிற்போம்.

பொன்னி

கணக்கு கேட்டீர்கள், இதோ. ஒரு பேச்சுக்கு 65 வயதைத் தாண்டியவர்கள் 15,000 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு மாதம் 300 ஈ.சி. டாலர். வருஷத்துக்கு 5.4 கோடி. அண்மைக் காலப் பட்ஜெட்டுகள் 180 கோடிக்கு மேல். அப்படியென்றால் நூற்றுக்கு மூன்று. காப்பீட்டு நிறுவனப் பென்ஷன் வாங்குபவர்களைக் கழித்துவிட்டால் இன்னும் குறையும். படகுப் பாட்டியும் அதிலேயே கழிந்துவிடுவார், கவலை வேண்டாம்.

இது ஆகாத காரியமும் இல்லை. பார்படாஸில் சந்தா கட்டாத முதியவர்களுக்கும் பென்ஷன் உண்டு. அதற்கான சட்டம் 1937-இல் வந்தது. கரும்புத் தோட்டங்களிலும் துறைமுகங்களிலும் கலவரம் வெடித்த காலம் அது. செயின்ட் லூசியாவில் 1935-இல் காஸ்ட்ரீஸ் துறைமுகத்தில் கரி சுமந்தவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூடையில் கரியைத் தலையில் வைத்துக் கப்பலுக்கு ஏற்றியவர்களில் நிறையப் பேர் பெண்கள். அந்தத் தீவில் பிறந்த ஆர்தர் லூயிஸ், பின்னால் 1979-இல் பொருளாதார நோபல் வாங்கியவர், 1930-களின் இந்தப் போராட்டங்களைப் பற்றி இளம் வயதிலேயே எழுதினார்.

தீவுக்காற்று

அங்கே ஏழைக் குடும்பங்களுக்காகக் கொண்டுவந்த குட்மென் சென் லிசி திட்டம் பற்றி யாரும் பேசவில்லையே? சிலி நாட்டின் புவென்தே திட்டத்தைப் பார்த்துச் செய்தது. பணம் கொடுப்பதோடு நிறுத்தாமல், ஒரு சமூகப் பணியாளர் குடும்பத்தோடு கூடவே இருப்பார். பிறப்புச் சான்றிதழிலிருந்து பிள்ளை பள்ளிக்குப் போவது, அப்பா குடிப்பது, கூரை ஒழுகுவது வரைக்கும் ஒவ்வொன்றாகப் பேசித் தீர்ப்பார்கள்.

செல்வி_ஆர்

அழகான திட்டம். ஆனால் ஒரு பணியாளர் எத்தனை குடும்பத்தைப் பார்க்க முடியும்? சிலியில் ஆள் இருந்தது. சின்னத் தீவில் நல்ல சமூகப் பணியாளர் கிடைத்தால் கனடாவோ இங்கிலாந்தோ கூப்பிட்டுக்கொள்ளும். நர்சுகளுக்கு நடந்தது போலவே. இதைச் சில நூறு குடும்பங்களுக்கு நன்றாகச் செய்யலாம். நாற்பதாயிரம் பேருக்குச் செய்ய முடியாது.

கணக்கப்பிள்ளை

நீங்கள் எல்லோரும் புயலை மறந்துவிட்டீர்கள். 2010 அக்டோபர் கடைசியில் தோமஸ் புயல். ஃபோன் சென் ஜாக் பக்கம் மலையே சரிந்து வந்தது. இழப்பு நாட்டின் ஆண்டு உற்பத்தியில் நாற்பது சதவீதத்துக்கு மேல். கரீபியப் பேரிடர்க் காப்பீட்டு அமைப்பிலிருந்து வந்தது 32 லட்சம் அமெரிக்க டாலர், அதுவும் அரசுக்கு. கஜானா ஒரே ராத்திரியில் காலியாகிற நாட்டில் நிரந்தரமாகப் பென்ஷன் தருகிறேன் என்று எப்படி வாக்குக் கொடுப்பது?

பொன்னி

அப்படிக் காலியாகிற நாடு என்பதால்தான் பட்டியல் முன்கூட்டியே இருக்க வேண்டும் என்கிறேன். பக்கத்துத் தீவு டொமினிகாவைப் பாருங்கள். எழுபதாயிரம் பேர்தான். 2017 செப்டம்பர் 18 இரவு மரியா புயல், ஐந்தாம் வகை. மதிப்பிட்ட சேதமும் இழப்பும் ஆண்டு உற்பத்தியைப் போல 226 சதவீதம். அதற்கு இரண்டு வருஷம் முன்னால்தான் எரிக்கா அடித்திருந்தது.

மரியாவுக்குப் பிறகு உலக உணவுத் திட்டமும் யுனிசெஃபும் அரசும் சேர்ந்து பணமாகவே கொடுத்தார்கள். குடும்பத்துக்கு மாதம் 90 அமெரிக்க டாலர், பிள்ளைக்கு 50, மூன்று பிள்ளைகள் வரை. மூன்று மாதம். சுமார் 8,000 குடும்பங்கள், 25,000 பேர். மக்கள் தொகையில் மூன்றில் ஒரு பங்கு! இதற்கென்று புது அலுவலகம் திறக்கவில்லை. ஏற்கெனவே இருந்த பொது உதவித் திட்டத்தின் வழியாகத்தான் கொடுத்தார்கள். பட்டியலில் இருந்தவர்களுக்குக் கூடுதல் தொகை, இல்லாதவர்களைப் புதிதாகச் சேர்த்தார்கள். பட்டியலே இல்லாத ஊரில் இதைத் தொடங்கவே எவ்வளவு நாள் ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கூரை பறந்துபோன மனுஷனிடம் ரேகை வாங்கிக்கொண்டிருக்க முடியுமா?

தீவுக்காற்று

செயின்ட் லூசியாவுக்கு அந்த நாள் புயலாக வரவில்லை, கொரோனாவாக வந்தது. 2020-இல் பொருளாதாரம் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு சுருங்கியது. கப்பல் இல்லை, விமானம் இல்லை, ஹோட்டல்கள் பூட்டு. அதற்கு முன்னரே வேலையின்மை இருபது சதவீதத்தை ஒட்டித்தான்.

அப்போது செய்ததைக் கவனியுங்கள். காப்பீட்டு நிறுவனம் வேலை இழந்த சந்தாதாரர்களுக்குச் சம்பளத்தில் பாதி, மாதம் 1,500 ஈ.சி. டாலர் வரை கொடுத்தது. சந்தா கட்டாத மினி பஸ் ஓட்டுநர், சந்தை வியாபாரி, முடி திருத்துபவர் போன்றவர்களுக்கு அரசு மாதம் 500. பொது உதவிப் பட்டியலில் இன்னும் ஆயிரம் குடும்பங்கள். பொன்னி அக்கா சொன்ன நடு இடைவெளியைச் சில மாதங்களுக்கு அடைத்துவிட்டார்கள். முடியாது என்று அதுவரை சொன்னதை அவசரத்தில் செய்தார்கள். அப்புறம் சுற்றுலா திரும்பியது, அந்தத் திட்டங்களும் நின்றுபோயின.

கணக்கப்பிள்ளை

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? தொழிலாளிகளின் பென்ஷன் நிதியிலிருந்து. அதை அடிக்கடி செய்தால் 2050-இல் பென்ஷனுக்கு என்ன வழி? வேலை இழந்தவர்களுக்கு நிரந்தர ஏற்பாடு வேண்டும் என்றால் அதற்குத் தனிச் சந்தா பிடிக்கட்டும். முதலாளி அரை சதவீதம், தொழிலாளி அரை சதவீதம் என்றாவது தொடங்கட்டும். கடைசியில் உதவித்தொகையெல்லாம் தற்காலிகம்தான், சம்பளம் உயர வேண்டும். 2024 அக்டோபரில் முதல் முறையாக நாடு முழுவதற்கும் குறைந்தபட்ச ஊதியம் வந்திருக்கிறது. அது உதவித்தொகையைவிடப் பெரிய காரியம்.

செல்வி_ஆர்

பெரிய காரியம்தான், மறுக்கவில்லை. மணிக்கு 6.52 ஈ.சி. டாலர், முழு மாதம் வேலை என்றால் 1,126 சொச்சம். ஆனால் தீவுக்காற்று சொன்ன பெண்மணிக்கு அக்டோபரில் வாரம் மூன்று நாள் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரத்துக்கு 156 ஈ.சி. டாலர். மாதத்துக்கு 680-ஐத் தாண்டாது. அவர் தனி ஆள் என்றால் 2016 கோட்டுக்கு மேலே. வீட்டில் இரண்டு பிள்ளைகள் என்றால் கோட்டுக்கு ரொம்பக் கீழே. பிள்ளைகளுக்கான தொகை மட்டுமே அந்த ஓட்டையை அடைக்கும். மணிக்கூலியை எவ்வளவு உயர்த்தினாலும் வேலை கொடுக்காத நாளுக்கு அது கிடைக்காது.

கணக்கப்பிள்ளை

முதியோர் பென்ஷனுக்கு என் ஓட்டு உண்டு, மூன்று சதவீதம் தாங்கும். பிள்ளைகளுக்கான தொகைக்கும் இதே மாதிரி ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். எத்தனை பிள்ளைகள், எவ்வளவு, எந்த வரியிலிருந்து. ஹோட்டல் வரிச் சலுகைகளில் கை வைப்பதாக இருந்தால் அதையும் வெளிப்படையாக எழுதுங்கள்.

பொன்னி

அதில்தான் கை வைக்கப் போகிறேன் சார். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதுகிறேன். ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் முதலில்.